பூ வாடும் வரைக்கும்

ஓர் உயர்ந்த மலையின் உச்சியில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று வாழ்ந்து வந்தது. வீடு என்றால் அவற்றுக்குச் செங்குத்தான பாறைதான். குளம்பு வைக்க மட்டுமே இடம் இருக்கும். அதிலேயே தூங்கும், அசைபோடும், சண்டையும் போடும். கீழே சோலைக்காட்டில் செந்நாய்கள் இருந்தன. அவை எத்தனை பேராக வந்தாலும் பாறையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆடுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. மற்றவை மேயும்போது ஒன்று மட்டும் உயரமான கல்லில் ஏறி நின்று சரிவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது அசைந்தால் சீழ்க்கை அடிக்கும். சீழ்க்கை கேட்டால் ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. பாறைக்கு ஓட வேண்டும்.

இந்தக் காவல் வேலையில் சாம்பியை மிஞ்ச ஆளில்லை. சாம்பி ஓர் ஒல்லியான பெட்டை ஆடு. எதையோ சந்தேகப்படுகிற மாதிரியே அவள் முகம் இருக்கும். அதனால் அவளோடு பேசிக்கொண்டிருக்க யாருக்கும் பிடிக்காது. அவள் காவலுக்கு நின்றால் மட்டும் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

போன பனிக்காலத்தில் சாம்பியின் குட்டி செத்துப்போனது. செந்நாய் கடித்து அல்ல, பசியில். உறைபனி விழுந்து மேலே இருந்த புல் எல்லாம் கருகிவிட்டது. சாம்பிக்குப் பால் வற்றிப்போனது. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்தது, கோபித்துக்கொண்டது, அழுதது. ஒரு காலையில் எழுந்திருக்கவே இல்லை. இப்போது அவள் வயிற்றில் இன்னொரு குட்டி இருந்தது. அது பிழைக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பனி இந்த வருடமும் சீக்கிரமே வந்தது. மேலே புல் மறுபடி கருகத் தொடங்கியது. ஆனால் கீழே, சோலையை ஒட்டிய சரிவில், ஓடைத் தண்ணீரின் புண்ணியத்தில் புல் பச்சையாகவே இருந்தது. பாறையில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும். பசியில் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் செந்நாய்க் கூட்டத்தின் தலைவன் செவலை பாறையின் அடிக்கு வந்தான். தனியாக வந்தான். வாலைத் தாழ்த்திக்கொண்டு, பெண் கேட்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்தான்.

"ஏன்ணே இப்படி மேலயே கெடந்து வாடுறீங்க? கீழ வந்து மேயுங்க. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். எங்களுக்குக் கடமான் இருக்கு, காட்டுப்பன்னி இருக்கு. உங்க எலும்பைக் கடிச்சு என்ன ஆகப்போவுது?" என்றான்.

ஆட்டுக் கூட்டத்தின் தலைவன் வளைகொம்பன். அவனுக்குக் கொம்பு பெரிது. அறிவும் அதே அளவுக்குப் பெரிது என்று அவன் நம்பினான்.

"சும்மா வாயால சொன்னா நம்ப முடியுமா செவலை? சத்தியம் பண்ணணும்" என்றான் வளைகொம்பன்.

"பண்ணிட்டாப் போச்சு. எது மேலண்ணே?"

வளைகொம்பன் சரிவைப் பார்த்தான். பாறைக்கும் சோலைக்கும் நடுவில் ஒரு செடி நின்றது. உயர்ந்த மலைகளில் மட்டுமே வளரும் செடி. சாமந்திக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். குளிருக்குப் போர்த்திக்கொண்ட மாதிரி இலை எல்லாம் வெள்ளைப் பஞ்சு. உச்சியில் கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். தொட்டால் காகிதம் மாதிரி சரசரக்கும். பனி கொட்டினாலும் வெயில் காய்ந்தாலும் அந்தப் பூ அப்படியே இருக்கும். பறித்துக் கீழே போட்டாலும் வாடாது. மலையில் அதை வாடாப்பூ என்றுதான் சொன்னார்கள்.

வளைகொம்பனின் கண் மின்னியது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டான்.

"அதோ அந்தப் பூ மேல பண்ணு. அந்தப் பூ வாடுற வரைக்கும் எங்களைத் தொட மாட்டோம்னு சொல்லு."

செவலை திரும்பிப் பூவைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"சரிண்ணே. அந்தப் பூ வாடுற வரைக்கும் உங்களைத் தொட மாட்டோம். எங்க கூட்டத்து மேல சத்தியம்."

செவலை போனதும் ஆடுகள் குதித்த குதிப்பில் பாறையிலிருந்து கற்கள் உருண்டன. "வாடாத பூவைக் காட்டி நாயை ஏமாத்திட்டாரு பாரு நம்ம தலைவர்!" என்று கிடாக்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. வளைகொம்பன் அடக்கமாக நின்றான். புகழ் வந்து விழுகிறபோது அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

சாம்பி மட்டும் குதிக்கவில்லை.

"மாமா, ஒரு பேச்சுகூட எதுத்துப் பேசாம ஒத்துக்கிட்டானே. ஏன்?" என்று கேட்டாள்.

"அவனுக்கு அந்தப் பூவைப் பத்தித் தெரியாதும்மா."

"இதே மலையில பொறந்தவன். தெனமும் அந்தச் செடியைத் தாண்டித்தான் ஓடைக்குப் போறான். அவனுக்குத் தெரியாதா?"

"கறி திங்கிறவனுக்குப் பூவைப் பத்தி என்ன தெரியும்?" என்றான் வளைகொம்பன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தவனை முட்டாள் என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டால் யோசிக்கிற வேலை ரொம்பக் குறைந்துவிடும்.

"அந்தப் பூ வாடாததுக்குக் காரணமே அது பூக்கும்போதே காஞ்சுபோய்ப் பூக்குறதுதான். அதுல ஈரமே கெடையாது. அதைப் போய் உயிருக்கு உத்தரவாதம்னு..." என்று சாம்பி இழுத்தாள்.

அவளுடைய தோழி நெட்டச்சி குறுக்கே வந்தாள். கழுத்து நீளமான ஆடு அவள். அவளும் குட்டி ஈன இருந்தாள். "ஏன்டி, உனக்குப் பால் சுரக்க வேண்டாமா? போன வருசம் பட்டது போதாதா?" என்றாள்.

சாம்பி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். மறுநாள் எல்லோரும் கீழே இறங்கினார்கள். அவளும் இறங்கினாள்.

புல் என்றால் அப்படி ஒரு புல். வாயை வைத்தால் சாறு வழிந்தது. செவலை சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். செந்நாய்கள் தூரத்தில் போயின, வந்தன. ஆடுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பனிக்காலம் முடியும் நேரத்தில் பெட்டைகள் வரிசையாகக் குட்டி ஈன்றன. பாறையில் அல்ல, மெத்தை போன்ற புல்லில். சாம்பிக்கு ஒரு கிடாக்குட்டி பிறந்தது. தக்கனூண்டு இருந்தான். அதனால் கடுகு என்று பெயர் வைத்தாள். அவன் முட்டிய முட்டில் மடியிலிருந்து பால் பீறிட்டு வந்து அவன் மூக்கெல்லாம் வெள்ளையானது. சாம்பி அன்று முழுக்க அவனை நக்கிக்கொண்டே இருந்தாள். தன் சந்தேகத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கூட்டத்துக்கு இப்போது ஒரே ஒரு பயம்தான். பூவுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது. அதனால் வளைகொம்பன் காவல் முறையை மாற்றினான். உயரமான கல்லில் நின்று சரிவைப் பார்க்க வேண்டியதில்லை. செடிக்கு எதிரில் நின்று பூவைப் பார்த்தால் போதும்.

காவலுக்கு நின்றவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். வெட்டுக்கிளி வந்தால் விரட்டினார்கள். வேரைத் தோண்ட வந்த முள்ளம்பன்றியை முட்டித் துரத்தினார்கள். தேனீயைக்கூட விடவில்லை. "காலை வச்சு வச்சுப் பூவைக் கசக்கிடும்" என்று வளைகொம்பன் விளக்கம் சொன்னான். ஒரு சின்னச் செடிக்கு இத்தனை கொம்புகள் காவல். பரந்து கிடந்த சரிவுக்கு ஒரு கண்கூட இல்லை.

குட்டிகளுக்கும் பாடம் மாறிவிட்டது. முன்பெல்லாம் "பயம் வந்தால் பாறைக்கு ஓடு" என்பதுதான் முதல் பாடம். இப்போது "பயம் வந்தால் பூவுக்கு ஓடு. பூகிட்ட நின்னா யாரும் தொட மாட்டாங்க" என்று சொல்லிக்கொடுத்தார்கள். குட்டிகள் அதையே விளையாட்டாக்கிக்கொண்டன. யார் முதலில் செடியைத் தொடுவது என்று நாள் முழுக்க ஓட்டம்.

சாம்பி ஒருநாள் கடுகைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் காலை வைத்தான், வழுக்கினான், முட்டியைத் தேய்த்துக்கொண்டு கத்தினான். கீழேயிருந்து மற்றக் குட்டிகள் சிரித்தன.

"பச்சப்புள்ளைய ஏன்டி இப்படிப் பயமுறுத்துற? அவனுக்கு எதுக்கு இனிமே பாறை?" என்று நெட்டச்சி சத்தம் போட்டாள்.

"அம்மா, எனக்குப் பாறை வேண்டாம்மா. நான் நல்லா ஓடுவேன். எல்லாரையும் விட நான்தான் முதல்ல பூவைத் தொடுவேன்" என்றான் கடுகு.

முட்டியில் ரத்தம் கசிந்தது. சாம்பி அதை நக்கிவிட்டாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது. புல் இனிப்பாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே போனது.

செவலை அவ்வப்போது வந்து விசாரித்துவிட்டுப் போவான். எட்டியே நிற்பான்.

"குட்டிங்க எல்லாம் சௌக்கியமாண்ணே? பால் போதுதா?"

"உன் தயவுல நல்லாருக்குதுங்க" என்பான் வளைகொம்பன்.

"என் தயவு என்னண்ணே, எல்லாம் பூவோட தயவு." ஒருநாள் அவன் கடுகைப் பார்த்தான். "இவன் மட்டும் கொஞ்சம் இளைச்சாப்புல இருக்கானே. நல்லாக் குடிக்கச் சொல்லுங்க" என்றான்.

எவ்வளவு அக்கறை என்று ஆடுகள் உருகிப்போயின. சாம்பியின் முதுகில் மயிர் சிலிர்த்தது. ஆனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சிரிப்பார்கள். கடுகையும் பார்த்துச் சிரிப்பார்கள்.

அடுத்து சாம்பியின் காவல் முறை வந்தது. செடிக்கு எதிரில், சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். வெண்புகை போல மஞ்சு இறங்கி வந்துகொண்டிருந்தது. குட்டிகள் கொழுத்துப்போய் வெயில் மிச்சமிருந்த இடமாகப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தன. அப்போது பின்னாலிருந்து காற்று அடித்தது. காற்றில் ஒரு வாடை வந்தது. அது தூரத்து வாடை அல்ல.

அவள் தலையைத் திருப்பப் போனாள்.

"சாம்பி! எங்க பாக்குற? பூவைப் பாரு" என்று வளைகொம்பன் அதட்டினான்.

பழகிப்போன கழுத்து ஒரு கணம் அதட்டலுக்குப் பணிந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்து அவள் பிற்பாடு பாறையில் தலையை முட்டிக்கொண்டாள். அடுத்த கணம் திரும்பிவிட்டாள். மஞ்சுக்குள்ளிருந்து செந்நாய்கள் வந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லாமல், புல்லோடு புல்லாகத் தாழ்ந்து, பாதிச் சரிவைத் தாண்டி வந்துவிட்டன.

சாம்பி சீழ்க்கை அடித்தாள்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பெரிய ஆடுகளின் கால்களுக்குப் பழைய பழக்கம் மறக்கவில்லை. சத்தியமும் மறந்தது, பூவும் மறந்தது. சீழ்க்கை கேட்டதும் அத்தனையும் பாறையைப் பார்த்து ஓடின. நெட்டச்சியும் ஓடினாள். எல்லோருக்கும் முன்னால் வளைகொம்பன் ஓடினான். குட்டிகளுக்குத் தெரிந்தது ஒரே பாடம். அவை பூவைப் பார்த்து ஓடின.

கடுகுதான் முதலில் வந்து சேர்ந்தான். செடியை மூக்கால் தொட்டான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, நான்தான் முதல்ல தொட்டேன். பாத்தியா?"

"ஓடுடா! பாறைக்கு ஓடு!" சாம்பி கொம்பால் அவனை நெட்டித் தள்ளினாள்.

அவன் விழுந்து எழுந்து திரும்பவும் செடியோடு வந்து ஒட்டிக்கொண்டான். "ஏம்மா? பூ வாடலையே" என்றான்.

மற்றக் குட்டிகளும் வந்து செடியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பயம் போய்விட்ட முகத்தோடு நின்றன. செந்நாய்களுக்கு ஓடக்கூட வேண்டியிருக்கவில்லை. நிதானமாக வந்து வளைத்துக்கொண்டன.

பாறையின் மேலே பத்திரமான இடத்தில் நின்றுகொண்டு வளைகொம்பன் கத்தினான்.

"செவலை! சத்தியத்தை மறந்துட்டியா? பூ இன்னும் வாடலைடா! நல்லாப் பாரு!"

செவலை மரியாதையாக நிமிர்ந்து பார்த்தான்.

"தெரியும்ணே. அது எப்பவும் வாடாது. எங்க அம்மா எனக்குச் சின்ன வயசுலயே சொல்லிக்குடுத்துட்டா."

"அப்புறம் ஏன்டா சத்தியம் பண்ணுன?"

"நீங்க கேட்டீங்க, பண்ணுனேன். எதுமேல சத்தியம்னுதான் அவ்ளோ யோசிச்சீங்க. எங்களுக்குப் பசிக்குமான்னு ஒருத்தரும் கேக்கலையே" என்றான் செவலை. பிறகு தன் கூட்டத்தைப் பார்த்துத் தலையை அசைத்தான்.

சாம்பி குட்டியின் முன்னால் நின்று முட்டினாள், உதைத்தாள். ஒரு செந்நாயின் கண்ணைக் குத்திக் கிழித்தாள். இரண்டு அவள் தொடையைப் பிடித்து இழுத்தன. அவள் உதறிக்கொண்டு திரும்பியபோது செடியின் அடியில் கடுகு இல்லை. எங்கே என்று தேட வேண்டிய அவசியமும் இல்லை. அவள் எப்படிப் பாறைக்கு வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

அன்று ஒரு குட்டிகூடத் திரும்பவில்லை.

மறுநாள் காலையில் பெட்டைகளுக்கு மடி கனத்து வலித்தது. குடிக்க ஆளில்லாத பால் பாறையில் சொட்டியது. நெட்டச்சி அதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பது போலப் பாறையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். போன வருடம் பால் இல்லாமல் ஒரு குட்டியைப் பறிகொடுத்த சாம்பி, இந்த வருடம் வழிகிற மடியோடு நின்றாள். இதைவிட வயிறெரிகிற காட்சி அந்த மலையில் இருந்ததில்லை.

வளைகொம்பன் கூட்டம் போட்டான்.

"தப்பு எங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். பூ ரொம்பச் சின்னது. அதான் அவனுக்கு மதிப்பில்லை. இன்னும் பெருசா, கனமா ஒண்ணு மேல சத்தியம் வாங்கியிருக்கணும்" என்றான்.

ஆடுகள் யோசித்தன. சில தலையை ஆட்டின. ஆமாம், பூ கொஞ்சம் சின்னதுதான் என்றது ஒரு கிடா.

"பூவை ஏன் மாமா குத்தம் சொல்றீங்க? அது பாட்டுக்குப் பூத்துச்சு. பல்லு இருக்குறவன்கிட்ட சத்தியம் வாங்கிட்டு முதுகைக் காட்டிட்டு நின்னது நாம. எம்புள்ளைக்குப் பாறை ஏறச் சொல்லித்தராம விட்டது நான்" என்றாள் சாம்பி.

அவள் சொன்னது யாருக்கும் புரியாமல் இல்லை. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் ஒவ்வொருவரும் தன் குட்டியைத் தானே கொன்றதாக ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைவிடப் பூவைக் குற்றம் சொல்வது சுலபம்.

குட்டிகளின் ஞாபகம் மெல்ல ஆறியது. பசி ஆறவில்லை. அடுத்த பனி இறங்கியபோது மேலே புல் கருகியது, கீழே பச்சையாக இருந்தது. பெட்டைகளின் வயிற்றில் மறுபடியும் குட்டிகள் இருந்தன. செவலை பாறையின் அடிக்கு வந்தான். தனியாக வந்தான். முன்பு போலவே அடக்கமாக உட்கார்ந்தான்.

"நடந்தது நடந்துபோச்சுண்ணே. பயலுக அவசரப்பட்டுட்டானுக. மனசுல வச்சுக்காதீங்க. கீழ வாங்க."

வளைகொம்பன் முறைப்பாகத்தான் இறங்கிப் போனான். "இந்தத் தடவை சும்மா விட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். அவன் பின்னால் ஒவ்வொன்றாக ஆடுகள் இறங்கின. நெட்டச்சி சாம்பியிடம் வந்து நின்றாள்.

"வாடி" என்றாள்.

"வரலை."

"பசிக்குதேடி. வயித்துல இருக்குறதை எதைக் குடுத்துக் காப்பாத்துவ?"

"தெரியலை. இங்க செத்தா பசியில சாவும். அங்க செத்தா என்னை நம்பிச் சாவும். அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

நெட்டச்சி கீழே தெரிந்த பச்சையைப் பார்த்தாள். பிறகு இறங்கிவிட்டாள்.

கீழே வளைகொம்பன் கொம்பை நிமிர்த்திக்கொண்டு கேட்பது சாம்பிக்குத் தெளிவாகக் கேட்டது.

"இந்தத் தடவை பூவெல்லாம் கெடையாது செவலை. வேற ஒண்ணு மேல சத்தியம் பண்ணணும். என்ன சொல்ற?"

"நீங்களே சொல்லுங்கண்ணே, எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சரிதான்" என்றான் செவலை.

நீதி: சத்தியத்தைக் காப்பாற்றுவது அது செய்யப்பட்ட பொருள் அல்ல, செய்தவனின் மனம்; அதைப் பார்க்காமல் பொருளின் உறுதியை நம்புகிறவன், தன்னை மட்டுமல்ல, தன்னை நம்பியவர்களையும் சேர்த்து அழிப்பான்.